உதவிப் பக்கத்தில் ஒரே வரி

மௌத்தாகி மண்ணுக்குள் போன பிள்ளையின் குரலுக்கு ஏறாவூரில் ஏழாயிரம் ரூபாய். பேரம் பேசாமல் அழுதால் ஆறாயிரம்.

கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள், மர்சூக்கின் கம்பியூட்டர் திருத்தும் கடையில் வேலை செய்யும் ஜெயந்தனிடம் கேட்கலாம். வெள்ளிக்கிழமைப் பகலில் அவன் இன்றும் அங்கே தனியாக இருப்பதில்லை.

ஆற்றில் மூழ்கி இறந்த மகன் நிஸ்தாரின் பழுதான ஹார்ட் டிஸ்க்கோடு ஒரு வெள்ளிக்கிழமை நஸீறா வந்திருந்தாள்.

"படம் வேணாம் தம்பி. அவன் 'உம்மா' எண்டு கூப்பிடுற சத்தம் மட்டும் எடுத்துத் தந்தாப் போதும்."

மர்சூக் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஜும்மாத் தொழுகைக்குப் போயிட்டு வாறன். ஆரும் வந்தா விலை சொல்லிராத, நீ குறைச்சிருவாய்."

பழைய டிஸ்க்கைப் புதியதில் நகலெடுக்க வேண்டும். ஜெயந்தன் கறுப்புத் திரையில் கட்டளையை எழுதி, இரண்டு டிஸ்க்குகளின் பெயர்களையும் சேர்த்தான். பழுதான இடங்களைத் தாண்டிப்போகச் சொல்லும் குறி மட்டும் மறந்துவிட்டது. பக்கத்து ஜன்னலில் உதவிப் பக்கத்தைத் திறந்து, சாய்கோடு போட்டு அதற்கான சொல்லைத் தேடினான்.

திரை குதித்து ஒரு வரியில் நின்றது.

'முதற்பெயரில் உள்ளது வாசிக்கப்படும். இரண்டாம் பெயரில் உள்ளது அழியும்.'

தேடிய சொல் அதில் இல்லையே?

அந்தச் சொல் வரும் அடுத்த இடத்துக்குப் போக 'N' விசையைத் தட்டினான். அதே வரி. வேறு சொல்லைத் தேடினான். அதே வரி.

ஒருமுறைதான் தட்டினான்... இரண்டு சத்தம் கேட்டது.

மூடப் பார்த்தான். மூடவில்லை.

கையை எடுத்தான்.

டக்... டக்...

விசை தானாக அமுங்கி எழும்பியது. அதன்மேல் ஈரம்.

அதே வரி.

அதே வரி.

அப்போதுதான் தான் எழுதியதைப் பார்த்தான். முந்திப் பாவித்த மென்பொருள் புதிய டிஸ்க்கைத்தான் முதலில் கேட்கும். அந்தக் கைப்பழக்கம்... வெறும் டிஸ்க் முதலாவது. நிஸ்தார் இரண்டாவது.

என்டர் தட்டியிருந்தால்...

பெயர்களை மாற்றினான். சத்தம் நின்றது.

பின்னேரம் நஸீறா காதில் கருவியை வைத்து அந்த ஒரு சொல்லைக் கேட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அவள் போனபிறகு ஜெயந்தன் நடந்ததைச் சொன்னான். மர்சூக் முதலில் சிரித்தார்.

"உதவிப் பக்கமா? இந்த மெஷின்ல அது ஏதுடா? இடம் காணாதெண்டு நான் போடவே இல்லையே."

"மர்சூக் நானா, நான் வாசிச்சனே..."

மறுபடி திறக்கப் பார்த்தான். அப்படி ஒரு பக்கம் இல்லை என்றது திரை.

மர்சூக் சிரிப்பை நிறுத்தினார். வழமையாகக் கூலியில் ஆளுக்குப் பாதி. அன்று ஆறாயிரத்தையும் மூன்றாகப் பிரித்தார். கடைக்கு இரண்டு. ஜெயந்தனுக்கு இரண்டு.

மிச்சம் இரண்டாயிரம் இன்னும் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. கொடுக்கவேண்டிய கணக்குத்தான். ஆள் வந்து கேட்காமல் இருந்தால் நல்லது.