உப்புப் போட்ட ஐஸ்

கிண்ணியாப் பாலத்தில் பாதித் தூரம் நடந்த பிறகுதான் நான் ஏன் இவ்வளவு வேகமாக நடக்கிறேன் என்று எனக்கே தோன்றியது. பின்னால் யாரும் துரத்தவில்லை. தெரிந்தவர் ஒருவரின் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரத்தான் போயிருந்தேன். அங்கே மண்டபத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலசீமியா என்கிற இரத்த நோயைத் தங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவர்கள் யார் யார் என்று கலியாண வயதுக்கு முன்பே பார்த்து வைப்பதற்காம். வெள்ளைச் சட்டை போட்ட பெண் ஒருத்தி சின்னக் குழாய்களை நீலப் பெட்டியொன்றில் அடுக்கினாள். மூடியைத் திறந்ததும் குளிர்ப் புகை எழுந்து என் முகத்தில் பட்டது.

"உள்ளுக்கு உப்புப் போட்டிருக்கிறீங்களா பிள்ளை?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "ஐயா, இது மீனில்லை."

அதற்குப் பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

ஐஸுக்கு மணம் இல்லை என்று சொல்பவர்கள் ஐஸ் பக்டரியில் வேலை செய்யாதவர்கள். எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பக்டரியில் நான் ஒன்றரை வருடம் இருந்தேன். ஒரே இடத்தில் நான் அவ்வளவு காலம் இருந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளுக்கு வண்ணம் பூசினேன். கப்பலில் இருந்து மா மூட்டை இறக்கினேன். கப்பல்துறை என்ற ஊரில் ஒருவருடைய மாடுகளை மேய்த்து அதில் ஒன்றைத் தொலைத்தேன். கடைசியில் ஐஸ். அங்கே மரத்தூள், ஈரச் சாக்கு, மீன் இரத்தம், கண்ணைக் கரிக்கும் அமோனியா எல்லாம் சேர்ந்த ஒரு மணம் எப்போதும் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் தலையணை வரைக்கும் வரும்.

அங்கே எனக்குத் தொழில் சொல்லித் தந்தவன் என் வயதுக்காரன் பேதுரு. கொழும்புக்குப் போகும் மீனைப் பலகைப் பெட்டியில் அடுக்கும்போது ஒரு தட்டு ஐஸ், ஒரு தட்டு மீன், மேலே இரண்டு கைப்பிடி கல்லுப்பு. உப்புப் பட்ட ஐஸின் குளிர் வேறு. விரலை வைத்தால் கடிக்கும். பாரை மீன் பலகை மாதிரி விறைத்துக் கிடக்கும். அந்த உப்பை எந்த இடத்தில், எவ்வளவு தூவுவது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. என் வாழ்க்கையில் நான் கெட்டிக்காரன் என்று நாலு பேர் சொன்ன ஒரே விஷயம் அதுதான். அதனால்தான் இந்தக் கதை நடந்தது.

ஒரு நாள் காலையில் கொழும்பில் இருந்து வந்த டொக்டர் அம்மா ஒருவர் பக்டரி வாசலில் நின்றார். முப்பது வயதிருக்கும். பருத்திச் சேலை, கையில் ஒரு வெற்றுப் பிளாஸ்க். குளிரோடு ஒரு சாமானைக் கொழும்புக்குக் கொண்டுபோக நம்பிக்கையான ஆள் வேண்டும் என்றார்.

பேதுரு என்னைக் காட்டினான். "இவன்ர கையில குடுத்தா, மீன் கொழும்பில போய் இறங்கி நடக்கும் மிஸ்."

"எனக்கு நடக்கிற மீன் வேண்டாம். இரத்தம்தான் கொண்டு போகவேணும்" என்றார் அவர். சிரிக்கவில்லை.

மறுநாள் அவரோடு கிண்ணியாவுக்குப் போனேன். அப்போது இந்தப் பாலம் இல்லை. 'பாதை' என்று சொல்லும் தட்டையான மிதவையில்தான் லொறியும் ஆட்களும் ஆடுகளும் ஒன்றாகக் கரை மாறின. அந்தப் பாதையில் வேலை செய்த அசனார் காக்காவின் வீட்டுக்கே நாங்கள் போனோம்; அண்ணனை அங்கே காக்கா என்பார்கள். அவருடைய மகன் ரபீக்குக்கு மூன்று வயது. கன்னம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. வயிறு மட்டும் ஊதியிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பெரியாஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றிய கிழமை ஓடித் திரிவான். பிறகு மெல்ல மெல்ல வாடுவான்.

"ஆறு மாசம் மட்டும் எப்பிடி இருந்த புள்ள தெரியுமா டொக்டர்!" என்றார் அவனுடைய தாய் சுபைதா. "கொழுகொழு எண்டு இருந்தான். ஆரோ நாவூறு பட்டுட்டாங்க."

டொக்டர் அம்மா கதிரையில் இருக்கவில்லை. பாயில் சுபைதாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "நாவூறு இல்லை அம்மா. உடம்பில இரத்தம் செய்யிறதுக்கு எழுத்து மாதிரி ஒண்டு இருக்கு. தாயிட்ட இருந்தும் தேப்பனிட்ட இருந்தும் வாறது. எழுத்து இருந்தா மட்டும் காணாது, உடம்பு அதைப் படிச்சு வேலை செய்யவேணும். வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு ஒரு எழுத்து வேலை செய்யும். பிறந்த பிறகு அது மெல்ல நிண்டு, வேற ஒண்டு தொடங்கவேணும். உங்கட மகனுக்குப் பழையது நிண்டிட்டுது. புதுசு தொடங்கேல்லை."

அசனார் காக்கா பாயில் முன்னுக்கு நகர்ந்தார். "அப்ப டொக்டர், பழையத நிக்காமப் புடிச்சு வெக்க ஏலாதா?"

டொக்டர் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அதைத்தான் காக்கா உலகம் முழுக்கத் தேடுறாங்கள்" என்றார். பாதையில் கயிறு இழுத்த அந்த மனிதர் அன்று கேட்ட வழியிலேயே பல வருடங்களுக்குப் பிறகு வைத்தியம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டபோது சொல்வதற்கு அவர் இல்லை.

ஆனால் டொக்டர் அம்மா வந்தது ரபீக்குக்காக மட்டும் இல்லை. அசனார் காக்காவின் தம்பி மஜீதுக்கும் சுபைதாவின் தங்கை ஜெமீலாவுக்கும் அடுத்த மாதம் கலியாணம். அண்ணன் தம்பிக்கு அக்காவும் தங்கையும். ஒரே வளவுக்குள் ஜெமீலாவுக்கென்று வீடும் கட்டியாயிற்று, ஓடு போடுவதுதான் பாக்கி. டொக்டர் அம்மா கொப்பியில் பெட்டியும் வட்டமுமாகக் கீறி, சிலவற்றைப் பாதி கறுப்பாக்கி விளங்கப்படுத்தினார். இருவரில் ஒருவரிடம் அந்தக் குறை இல்லை என்றாலும் போதும், பயமில்லாமல் கட்டலாம். இருவரிடமும் இருந்தால் அவர்களுக்கும் ரபீக் மாதிரிப் பிள்ளை பிறக்கலாம்.

"எங்கட குடும்பத்தப் பெட்டிக்குள்ள அடைச்சிட்டீங்களே மிஸ்" என்றான் மஜீது. எல்லோரும் சிரித்தார்கள். ஜெமீலா மட்டும் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் குடும்பத்தில் சாதாரணச் சோதனை எதையும் தெளிவாகக் காட்டவில்லை. உயிரோடு இருக்கும் இரத்த அணுக்களுக்கு அடையாளம் வைத்த சத்து ஒன்றைக் கொடுத்து, அவை எதை எவ்வளவு செய்கின்றன என்று அளந்து பார்க்கவேண்டும். அப்படி அளக்கத் தெரிந்த வெள்ளைக்காரர் ஒருவர் கொழும்பில் ஒரு மாதம் தங்கியிருந்தார். அவர் புறப்பட இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

டொக்டர் அம்மா ஐந்து பேரிடமும் இரத்தம் எடுத்தார். ரபீக்குக்கு நரம்பு கிடைக்கவில்லை. நாலு இடத்தில் குத்தினார். அழுவதற்கும் அவனிடம் பலமில்லை, முனகினான். டொக்டர் அம்மா குழாய்களை ஈரக் கடதாசியில் சுற்றி, துணியில் சுற்றி, ஐஸ் போட்டிருந்த பிளாஸ்கில் வைத்தார்.

"ஐஸ் குழாயில முட்டக் கூடாது. குலுக்கக் கூடாது. உயிரோட போய்ச் சேரவேணும், விளங்குதா?"

"நான் மீனுக்கு ஐஸ் போட்டனான் மிஸ். பயப்பிடாதேங்கோ."

இந்த வசனத்தை நான் எத்தனை தரம் எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அவருக்கு மூதூரில் இன்னும் குடும்பங்களைப் பார்க்க இருந்தது. நான் மட்டும் ரெயிலுக்கு வந்தேன். அன்று வெயில் கொடுமை. ரெயில் பிந்தும் என்றார்கள். பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன், ஐஸ் பாதி கரைந்திருந்தது. பக்டரிக்கு ஓடிப்போய்ப் புது ஐஸ் வாங்கினேன். பேதுரு பழைய பேப்பரில் சுற்றிய கல்லுப்பை என் கையில் வைத்தான். "போடு மச்சான். கொழும்பு மட்டும் கல்லு மாதிரி நிக்கும்." நானும் போட்டேன், கொஞ்சமாக இல்லை. மீனுக்குப் போடுவதைவிடக் கூடவே போட்டேன். பிள்ளையின் இரத்தம் அல்லவா, நன்றாகக் குளிரட்டும் என்று நினைத்தேன். வழி முழுக்க பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்காமல், யாரோடும் கதைக்காமல் போனேன்.

காலையில் கொழும்பு ஆய்வுகூடத்தில் அந்த வெள்ளைக்காரர் துணியை அவிழ்த்தார். குழாய்கள் உறைந்து கட்டியாகியிருந்தன. கொஞ்ச நேரத்தில் இளகின. ஒரு குழாயை யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நல்ல இரத்தம் என்றால் அடியில் சிவப்பும் மேலே மஞ்சள் நீருமாகப் பிரிந்து நிற்கும் என்று பிறகு சொன்னார்கள். இது முழுவதும் ஒரே நிறமாக, கண்ணாடி மாதிரித் தெளிவாக, பெருநாள் வீட்டில் தரும் சர்பத் போல இருந்தது. அழகாகவும் இருந்தது. அவர் குழாயை மேசையில் வைத்தார். அங்கே வேலை செய்த தமிழ்ப் பையன்தான் பிளாஸ்கில் இருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தான்.

"உப்புப் போட்டனீங்களா அண்ணை?"

"ஓம்."

"எல்லாம் வெடிச்சுச் செத்துப்போச்சு."

திரும்பி வந்து ஸ்டேசனில் டொக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் கைப்பையின் வாரை முறுக்கியபடி நின்றார். "பிழை என்ர. உப்புப் போடாதேங்கோ எண்டு நான் சொல்லேல்லை. எனக்கு அது நினைவிலயே வரேல்லை." பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் நாலு நாள் இருக்கு. வாங்கோ, திரும்பக் கேட்பம்."

அசனார் காக்காவின் முற்றத்தில் நாங்கள் நின்றபோது ரபீக் சுபைதாவின் தோளில் படுத்திருந்தான். குத்திய இடங்கள் கறுத்திருந்தன. டொக்டர் அம்மா, இரத்தம் வழியில் பழுதாகிவிட்டது, இளையவர்கள் இருவரிடமும் மட்டும் இன்னொரு முறை எடுத்தால் போதும் என்றார். என்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"பழுதாப் போச்சா? அஞ்சு பேர்டயும் ஒண்டா?" என்று கேட்டார் அசனார் காக்கா.

"ஓம் காக்கா. தண்ணி மாதிரி ஆகிட்டுது."

அவர் வானத்தைப் பார்த்தார். "அப்ப அது அல்லாஹ் காட்டின வழி டொக்டர். பாக்க வேணாம் எண்டுதான் காட்டியிருக்கான்."

"எண்ட ரெத்தத்தில ஒரு பிழையும் இல்ல. ஒருதரம் தந்தாச்சு" என்றான் மஜீது.

அப்போது குசினி வாசலில் நின்ற ஜெமீலா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "எனக்கு எடுங்க மிஸ்" என்றாள். கை நீட்டியபடியே நின்றாள். எனக்கு ஞாபகம், அந்தக் கையில் மஞ்சள் கண்ணாடி வளையல் இரண்டு கிடந்தது. சுபைதா பிள்ளையை ஒரு தோளில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தங்கையின் சட்டைக் கையை இறக்கி விட்டார். "உள்ளுக்குப் போ புள்ள."

டொக்டர் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். அது அல்லாஹ்வின் அடையாளம் இல்லை காக்கா, நான் போட்ட உப்பு என்று சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். அசனார் காக்கா நியாயம் தெரிந்தவர். சொல்லியிருந்தால் சம்மதித்திருப்பார். என் வாய் திறக்கவில்லை. ஐஸில் கெட்டிக்காரன் என்ற பெயர் ஒன்றுதான் என்னிடம் இருந்தது. நான் படலையைத் திறந்துகொண்டு துறைக்கு நடந்தேன். டொக்டர் அம்மா கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

ரபீக் அந்த மாரியைத் தாண்டவில்லை. அதையும், மஜீதுக்கும் ஜெமீலாவுக்கும் கலியாணம் நடந்ததையும் நான் வேறு ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். ஏழெட்டு வருடத்துக்குப் பிறகு, காலில் ஆணி குத்திப் பெரியாஸ்பத்திரிக்குப் போனபோது, சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் ஒரு பெண் சின்னப் பெண்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பிள்ளையின் கன்னம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. நான் முகத்தைத் திருப்பினேன். அவள் கண்டுவிட்டாள்.

"ஐஸ்காரத் தம்பிதானே? எங்க போனீங்க, ஒரு சொல்லும் சொல்லாம?"

நான் அப்போது சொன்னேன். உப்பைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். ஜெமீலா கேட்டுக்கொண்டே பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"அண்டைக்குச் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினாள். பிறகு தாதி பெயர் கூப்பிட்டாள். எழும்பிப் போனாள்.

பாதை போய்விட்டது. அது கரை தட்டும் இடத்தில் இப்போது பாலத்தின் தூண் நிற்கிறது. ஐஸ் பக்டரி இருந்த இடத்தில் யாரோ மதில் கட்டியிருக்கிறார்கள். பேதுருவைச் சண்டைக் காலத்துக்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அசனார் காக்காவின் வளவில் இருந்த இரண்டு வீடுகளில் ஒன்றும் இல்லை, கிணறு மட்டும் இருக்கிறது. டொக்டர் அம்மா எங்கே என்று தெரியாது. அந்தக் கொப்பி, பாதி கறுத்த வட்டங்களோடு, எங்கேயாவது ஒரு அலுமாரியில் இருக்கலாம். இன்று அந்த நீலப் பெட்டிக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று, ஒருவரை ஒருவர் பகிடி பண்ணிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். ஒருவரும் அதை இறக்கிவிடவில்லை.

அசனார் காக்காவின் முற்றத்தை விட்டு வந்த அன்று துறையைத் தாண்டி, பக்டரிக்குப் போகாமல், குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். அது நின்ற இடத்தில் இறங்கி மீதியை மணல் லொறியில் போனேன். அடுத்த நாள் காலை புல்மோட்டையில் கறுப்பு மணல் அள்ளும் இடத்தில் வரிசையில் நின்றேன். ஆள் எடுக்கும் மனிதர் என் கையைப் பிரித்துப் பார்த்தார்.

"முந்தி என்ன வேலை?"

"ஐஸ்."

"இங்க ஐஸ் இல்லை தம்பி. மண் மட்டும்தான்."

"அதுதான் வந்தனான்" என்றேன். அவர் மண்வெட்டியைத் தந்தார்.