கம்ப்யூட்டர் தூவிய அறுபது புள்ளிகள்

நிலத்தோற்றச் சூழலியல் (லேண்ட்ஸ்கேப் எகாலஜி) படிக்கிறவர்கள் காட்டுக்குள் தொலைநோக்கியோடு திரிவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாங்கள் அடுத்தவர் வீட்டு வாசலில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்கிறவர்கள்.

எம்.எஸ்சி. கடைசி ஆண்டில் எனக்கு வாய்த்த வேலை இது. செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் புதுச்சேரிக்கு வண்ணம் அடித்துக் கொடுக்கும். தண்ணீர் நீலம், மரம் பச்சை, கட்டடமும் சாலையும் சிவப்பு, வெறும் மண் மஞ்சள். பிறகு அதுவே கண்ணை மூடிக்கொண்டு அறுபது புள்ளிகளைத் தூவும். ஒவ்வொரு புள்ளிக்கும் நேரில் போய், அடித்த வண்ணம் சரிதானா என்று பார்த்து எழுத வேண்டும். ஒன்பது வரை தப்பாக இருக்கலாம். பத்தாவதும் தப்பானால் வரைபடத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும். எனக்கோ ஒரு வீட்டு மணியை அடிப்பதற்குள் அந்தத் தெருவை மூன்று முறை நடந்தாக வேண்டும். வீடு வீடாகக் கணக்கெடுத்தவர்கள், சோப்புத்தூள் விற்றவர்கள் எல்லாரும் இந்த விஷயத்தில் எனக்கு உறவுக்காரர்கள்.

சாரத்தில் ஒரு குளம்

முதல் புள்ளி சாரம் என்கிற பகுதியில். படத்தில் நல்ல நீலம், செவ்வக வடிவம். கோயில் குளமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். போனில் புள்ளி காட்டிய இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் நின்றது. அதன் கூரை முழுவதும் நீல நிறத் தகடு. கம்ப்யூட்டர் அதைத் தண்ணீர் என்று நம்பிவிட்டது.

வந்ததற்கு எதையாவது கேட்டாக வேண்டுமே என்று, கேட் அருகே நாற்காலியில் இருந்த வாட்ச்மேனிடம், "இங்க குளம் ஏதாவது இருந்துச்சா?" என்றேன். அவர் என்னையும் என் கையிலிருந்த அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "கொளமா? மழ பேஞ்சா டைனிங் ஹால்ல நிக்கும். கல்யாணம் யாருக்கு, ஒனக்காம்மா?"

இலை கொட்டாத மரம்

முதலியார்பேட்டைப் புள்ளி ஒரு வீட்டு மொட்டை மாடியில் விழுந்திருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. தெருமுனையில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று கேட்டாலே கை காட்டினார்கள். துறைத் தலைவர் கொடுத்த கடிதத்தை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார். முத்திரை கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாடிக்கு அழைத்துப்போனார்.

படத்தில் அந்த இடம் அடர்ந்த மரம். மாடியில் இருந்தது பச்சை நிழல்வலை. முன்பு வாசலில் பெரிய வேப்பமரம் இருந்ததாம். சருகு பெருக்கி மாளவில்லை என்று வெட்டினார்களாம். அதன் பிறகு மாடியறையில் வெக்கை தாங்காமல் வலை கட்டினார்களாம். தப்பு என்று குறிக்கப்போன என் பேனாவை அவர் தடுத்தார். "மரம்னே எழுதிக்கம்மா. அது செஞ்ச வேலயத்தான் இதுவும் செய்யுது. எலதான் கொட்டல."

நடுரோடு

உழவர்கரையில் ஒரு புள்ளி சரியாக நாற்சந்தியின் நடுவில் விழுந்தது. படம் சிவப்பு, பார்க்காமலே 'சாலை' என்று எழுதியிருக்கலாம். ஆனால் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. நான் விதிகளை மீறும் அளவுக்குத் தைரியசாலி இல்லை. போனைப் பார்த்தபடி நடுவில் போய் நின்றேன். ஒரு டெம்போ, ஒரு தண்ணீர் லாரி, இரண்டு பஸ் எனக்காக நின்றன. போக்குவரத்துக் காவலர் ஓடி வந்தார். நான் தலை நிமிராமலே விளக்கம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "ரோடு ரோடாத்தான் இருக்கு, நான் பாத்துக்கறேன். நீ ஓரமா போ."

பத்து மீட்டர்

இப்படியே ஐம்பத்தொன்பது புள்ளிகள் முடிந்தபோது ஒன்பது தப்புகள் சேர்ந்திருந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று, முப்பத்தேழாம் எண். உழவர்கரையில் ஒரு குடியிருப்பின் முட்டுச்சந்துக் கடைசி. அங்கே இரண்டு முறை போய், வாசல்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி என்னைப் பார்த்ததும் வழி தவறியவள் போலத் திரும்பி வந்திருந்தேன்.

புள்ளியைப் பத்து மீட்டர் தள்ளி, தெருவிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஆய்வகத் தோழி ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன். எங்கள் படிப்பில் இது பரீட்சையில் காப்பி அடிப்பதற்குச் சமம். அவள் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தாராளமா தள்ளுடி. கதவத் தட்டப் பயமா இருந்துச்சு, அதனால நெலத்த நகத்திட்டேன்னு முன்னுரையில எழுதிடு."

முப்பத்தேழு

மூன்றாம் முறை போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் செல்வி அக்கா. ஐம்பது வயது இருக்கும். மில் மூடியபோது கணவருக்கு வந்த பணத்தில் கட்டிய வீடு. புள்ளி விழுந்திருந்தது அதை ஒட்டிய காலி மனையில். படம் நீலம் என்றது. நான் நின்றதோ ஏப்ரல் வெயிலில் வெடித்துக் கிடந்த களிமண்ணில். தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. "முனிசிபாலிட்டியா?" என்று ஒரு குரல். "ரீல்ஸ் எடுக்குது" என்று இன்னொரு குரல்.

என் நெறியாளருக்குப் போன் செய்தேன். படம் டிசம்பரில் எடுத்தது, அதனால் டிசம்பரில் அங்கே என்ன இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டு எழுதச் சொன்னார். ஆக என் பட்டம் செல்வி அக்காவின் வாயில் இருந்தது. "மார்கழியில இங்க தண்ணி நிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"தண்ணியா? ஒரு சொட்டு நிக்காது" என்றார் சட்டென்று. மண்ணில் நத்தை ஓடுகள் கிடந்தன. மதில் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறைக் கோடு ஓடியது. திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன்: பீரோ நான்கு செங்கல் மேல், ஃபிரிட்ஜ் மூன்று செங்கல் மேல், தையல் மெஷின் ஒரு பெஞ்சின் மேல். நான் எதைப் பார்க்கிறேன் என்று அவரும் பார்த்துவிட்டார்.

"தண்ணின்னு எழுதினா ஏரி எடம்னு சொல்லி வீட்ட இடிக்க வருவாங்க. போன வருஷம் ரெண்டு தெரு தள்ளி வந்தாங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. இது காலேஜுக்கு மட்டும், பெயரோ வீட்டு எண்ணோ இதில் கிடையாது என்று படிவத்தைக் காட்டினேன். வீடு சிவப்பாகவும் பக்கத்து மனை மட்டும் நீலமாகவும் இருப்பதைப் போனில் பெரிதாக்கிக் காட்டினேன். அவர் சிவப்புக் கட்டத்தின் மேல் விரல் வைத்து, அது தன் வீடுதானா என்று இரண்டு முறை கேட்டார். "இல்லன்னு நான் சொன்னா ஒனக்கு என்னா ஆவும்?" என்றார். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போகும் என்றேன். அவ்வளவு நீளமாக ஒரு அந்நியரிடம் நான் பேசியதே இல்லை.

செல்வி அக்கா தெருவை ஒருமுறை பார்த்தார். கதவைப் பாதி சாத்தி, பீரோவை மறைத்துக்கொண்டு நின்றார். "மனையில தண்ணின்னு எழுதிக்க. வாசப்படி தாண்டி உள்ள வர்றது எங்க வூட்டு சமாச்சாரம்."

ஒன்பது தப்புகளோடு என் வரைபடம் தேறிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த படத்துக்கு முட்டுச்சந்துக் கடைசி வீட்டில் ஒப்புதல் வாங்குவதற்குப் பெயர்தான் நிலத்தோற்றச் சூழலியல் என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடமும் அறுபது புள்ளிகளும் ஆயின.