கயிறு கட்டியவரின் மாத்திரை

எங்கள் போடிப் பக்கத்தில் குடியை நிறுத்த நினைப்பவர்கள் முதலில் தேடுவது என்னைப் போன்ற சமூகப் பணியாளரை அல்ல, கோயில் பூசாரியை. சாமி முன்னால் சத்தியம் செய்து கையில் கயிறு கட்டிக்கொண்டால் பாட்டிலைத் தொடக் கை கூசும். எனக்கு அந்தக் கயிற்றின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் நாள் கணக்கில் பேசியும் நடக்காதது அதில் நடந்துவிடும்.

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் குடியை விட்டார். அவருக்குக் காதில் யாரோ திட்டுவதுபோல் குரல் கேட்கும் நோயும் இருந்தது. குரலுக்கு மாத்திரை, குடிக்குக் கயிறு, இனி கவலையில்லை என்று நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த நேரத்தில்தான் அவர் மனைவி போன் செய்தாள்.

"அக்கா, வெரசா வாங்க. மனுசன் கண்ணே மூடல. வேலைக்குப் போற ஜீப்புல வர்ற ஆளுகெல்லாம் தன்னயத்தான் பேசுறாகன்னு பாதி வழியில எறங்கிட்டாரு."

குடித்துவிட்டார் என்றே நினைத்து, வழியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன். வீட்டில் போய்ப் பார்த்தால் அவர் வாயில் வாடையே இல்லை. மாத்திரை அட்டைதான் பிரிக்காமல் கிடந்தது.

"எந்தப் போதையும் தொட மாட்டேன்னுல்ல மேடம் சத்தியம் பண்ணேன்? இதப் போட்டா கெறக்கமா வருது. அப்ப இதுவும் போதைதானே? சாமிகுத்தமாயிரும்."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு நேர்மையாகச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறவரை எப்படித் திட்டுவது? போதை வேறு, மருந்து வேறு என்று தொண்டை வறளப் பேசினேன். கயிற்றைத் தடவிக்கொண்டே தலையாட்டினார், மாத்திரையை மட்டும் வாங்கவில்லை. இன்னும் சில நாள் இப்படியே போனால் மறுபடி ஆஸ்பத்திரிதான். எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி பட்டென்று எழுந்தாள். அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, "கெளம்புங்க கோயிலுக்கு" என்றாள்.

கயிறு கட்டிவிட்ட அதே பூசாரியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அட்டையை வாங்கிச் சாமி காலடியில் வைத்து, சூடம் காட்டி, திருநீறோடு சேர்த்து நீட்டினார்.

"இந்தாப்பு, சாமி குடுக்குது, வாங்கிக்க. ஆமா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று என்னைப் பார்த்தார்.

"பின்னாடி" என்றேன். நான் படித்த படிப்புக்கு அன்று அங்கே இருந்த வேலை அவ்வளவுதான். அவள் கணவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துக் காலையில் அவள் போன் செய்தாள்.

"தூங்குறாருக்கா. என்னா கொறட்டைங்கிறீங்க! ராத்திரி பூரா எனக்குத்தான் தூக்கமில்ல" என்று குறைபட்டுக்கொண்டே வந்தவள், சட்டென்று அழுதுவிட்டாள். நானும்தான்.