ஆழம் ஐந்தடி

நீராவிக்கு நடுவே நின்று பெரியக்கா ஈரப் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து ஓர் உதறு உதறுகிறாள். கூடவே உதடுகளை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு காற்றை விடுகிறாள். போர்வைக்குள் வண்டு புகுந்துவிட்டது போல ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். போர்வை, துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் போகிறது. அடுத்த போர்வை, அடுத்த வண்டு. இந்த மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கொஞ்ச நாள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு அதுவும் இயந்திர இரைச்சலோடு சேர்ந்துவிடும்.

“உதடு தூங்கிடக் கூடாதும்மா. தூங்கிட்டா எழுப்புறது கஷ்டம்” என்பாள். உதடு எதற்காக விழித்திருக்க வேண்டும் என்று கேட்டால் “சும்மாதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த போர்வையை எடுத்துக்கொள்வாள்.

ஐம்பதைத் தாண்டிய, பூசினாற்போன்ற உடம்பு. கூடத்தில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. மேலதிகாரிக்கும் பெரியக்காதான், அவர் அவளைவிட மூத்தவர் என்பதை இருவருமே கண்டுகொள்வதில்லை. வானொலியில் எந்தப் பாட்டு வந்தாலும் தாளத்தின்மேல் தட்ட மாட்டாள். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் விரலைச் சொடுக்குவாள். “எல்லாரும் கால் வைக்கிற எடத்துலயே நாமளும் வைக்கணுமா? நடுவுல எவ்ளோ எடம் சும்மா கெடக்கு!”

அவளும் தம்பியும் இளவயதில் வாசித்த இசைக்கு அதுதான் சட்டம். ஸ்கா பங்க் என்று பெயர். கிடார் தட்டுக்கு நடுவே வெட்டி வெட்டித் துள்ளும். ஊதுகருவிகள் களைகட்டும். திடீரென்று எல்லாம் சேர்ந்து, நாய் துரத்தினாற்போல ஓட்டமெடுக்கும். தம்பி பாடிக்கொண்டே கிடார் வாசிப்பான். அவள் ஊதியது டிராம்போன், குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஊதுகிற நீளமான கருவி.

தம்பி அப்போது ஒரு நீச்சல்குளத்தில் காவல்காரன். பழுதுபார்ப்பதற்காகக் குளத்தை வற்றவைத்திருந்தார்கள். வேலையாட்கள் வருவார்கள் வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே நாள் போனது. பகல் வெளிச்சம் கண்ணாடிக் கூரை வழியாக இறங்கி நீலச் சதுரக் கற்களின்மேல் மெல்ல நகரும். அந்தக் குளத்தின் அடியில் இறங்கி நின்றுகொண்டு அவர்கள் வாசித்தார்கள். ஊதிய சுரம் எதிர்ச்சுவர் வரைக்கும் போய், அங்கே கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி வரும்.

“நாம ஊதினது மாதிரியே இருக்காது. நம்மளவிட நல்லவங்க யாரோ ஊதுறாங்கன்னு தோணும். கண்ண மூடினா தண்ணி இருக்குற மாதிரியே இருக்கும். மெதக்குறமா, நிக்கிறமான்னு தெரியாது.”

சுவரில் எழுதியிருந்த ‘ஆழம் ஐந்தடி’ என்பதையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அங்கேயே ஒரு கேசட்டும் பதிவு செய்தார்கள். அதன் பிறகு வேலையாட்கள் நிஜமாகவே வந்துவிட்டார்கள். குளத்தில் தண்ணீர் நிரம்பியது. குழு ஒரு கார் கொட்டகைக்கு இடம் மாறியது.

அங்கேதான் பாட்டுத்தட்டுக் கம்பெனிக்காரர் வந்தார். பாட்டு பிடித்தது, தம்பியின் குரல் ரொம்பப் பிடித்தது. ஊதுவது மட்டும் வேண்டாம், பழசு போலக் கேட்கிறது என்றார். மறுநாள் தம்பி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே, “அக்கா, கொஞ்ச நாளைக்கு மட்டும்...” என்று ஆரம்பித்தான். அவள் டிராம்போனைப் பெட்டிக்குள் வைத்தாள். குழுவில் டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தவர்தான் எழுந்தார். குச்சிகளைக் கால்சட்டைப் பையில் செருகிக்கொண்டு, “அவ ஊதலன்னா எனக்கு அடிக்க வராது” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். இரண்டு வருடம்கூட நிறையாத குழு அந்த வாக்கியத்தோடு முடிந்துபோனது.

“அது காதல்னு அவருக்கே தெரியல. வீட்டுக்குப் போய் சோறு தின்னும்போதுதான் தெரிஞ்சுச்சாம்” என்று சிரிக்கிறாள். அவர்தான் இப்போது அவள் வீட்டுக்காரர். மருத்துவமனைக்குத் துணி ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறார். “தாளம் தப்பாத மனுஷன். நேரத்துக்கு மட்டும் ஒரு நாளும் வந்ததில்ல.”

கம்பெனி போட்ட தம்பியின் பாட்டுத்தட்டு வந்த சுவடே தெரியாமல் போனது. அவன் ஊரின் மறுகோடியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக்கொண்டான். அக்கா வீட்டுப் பக்கம் வருவதில்லை. எப்போதாவது தொலைபேசியில் பேசுவான். “மாமா நல்லா இருக்காரா?” “இருக்கார்.” “சக்கரை?” “அதுவும் இருக்கு.” அதற்கு மேல் இருவருமே மழையைப் பற்றிப் பேசுவார்கள்.

“கோபம்லாம் இல்ல. பேச்சு அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குது.”

டிராம்போனை அவள் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். கேசட் மட்டும் யார் யார் கையிலோ போய்க்கொண்டிருந்தது. பிரதி எடுத்தார்கள், பிரதிக்கும் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் பாட்டின்மேல் பனிமூட்டம் போல இரைச்சல் இன்னும் கொஞ்சம் கூடியது. அவள் பார்த்தேயிராத ஊர்களில், அவள் முகம் தெரியாத பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் தட்டுக்கு நடுவே துள்ளக் கற்றுக்கொண்டார்கள். சலவைக்கூடத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவே இல்லை, போன மாதம் கிராப்பு வெட்டிய ஒரு பெண் வாசலில் வந்து நிற்கும் வரைக்கும்.

“ஆழம் ஐந்தடி... நீங்கதானே?”

பெரியக்கா போர்வையைக் கீழே வைத்தாள். “யாரும்மா சொன்னது?”

“எங்கெங்கயோ விசாரிச்சேங்க. நாங்க நாலு பொண்ணுங்க, குழு வச்சிருக்கோம். உங்க கேசட்ட கேட்டுத்தான் ஆரம்பிச்சோம். அந்த எதிரொலி வருதே, அதுக்கு என்ன மெஷின் போட்டீங்க? நாங்களும் என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டோம்.”

“மெஷினா? தண்ணியில்லாத நீச்சல்குளம்மா அது.”

அந்தப் பெண் அழுக்குத்துணிக் கூடைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் நூலக மண்டபத்துல வாசிக்கிறோம். நீங்க ஊதின எடம் வந்தா டிரம்ஸ தவிர நாங்க யாரும் எதுவும் வாசிக்க மாட்டோம். ஆள் இல்ல, அதனால காலியா விட்டுடுவோம். நீங்க வந்து...”

“எங்கிட்ட கருவி இல்லம்மா. வந்து உக்காந்து கேக்குறேன்.”

அன்று அவளே தம்பியைக் கூப்பிட்டாள். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் நூலக மண்டபத்துல பசங்க நம்ம பாட்ட வாசிக்கிறாங்களாம்டா. பொண்ணுங்க.”

“கடை இருக்குக்கா” என்றான். “சரிப்பா” என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் மண்டபம் நிரம்பியிருந்தது. பெரியக்காவும் வீட்டுக்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நெடிய ஜன்னல்கள் வழியாக வெயில் சாய்ந்து விழ, அதற்குள் தூசு நீந்திக்கொண்டிருந்தது. பாட்டு தொடங்கியதுமே தரை கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது அவளுக்கு. சுவர்கள் நீலமாகின. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த இடம் வந்தது. பெண்கள் ஓர் அடி பின்வாங்கினார்கள். டிரம்ஸ் மட்டும் மெதுவாக நடந்தது. அவ்வளவு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த அந்த வெறுமைக்குள், பின்னால், கதவுப் பக்கத்திலிருந்து கரகரத்த ஓர் ஆண்குரல் எழுந்தது.

“பாம்ம்... பப்ப பாம்... பபாஆஆ...”

யாரோ சிரித்தார்கள். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். “உன் தம்பி” என்றார் தணிந்த குரலில்.

அவள் திரும்பவில்லை. அன்று ஊதல் வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தவன், அவள் ஊதிய சுரங்களில் ஒன்றைக்கூட விடாமல் வாயாலேயே ஊதிக்கொண்டிருந்தான். அவள் இழுத்த இடத்தில் இழுத்தான், மூச்சு வாங்கிய இடத்தில் மூச்சு வாங்கினான். சிரிப்பு அடங்கிவிட்டது. கடைசியில் நீண்டு நிற்க வேண்டிய சுரத்தில்தான் சுருதி லேசாகக் கீழே இறங்கியது.

முன்வரிசையில் இருந்தபடியே, திரும்பாமல், கண்ணைத் திறக்காமல், பெரியக்கா கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். உள்ளங்கையை நிமிர்த்தி இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மேலே தூக்கிக் காட்டினாள்.