அழிக்காத சோதனைப் படம்

பழைய கேமராக்கள் விற்கும் அந்தக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு ‘வேணாம் அக்கா’ என்று பெயர். கேமரா வாங்க வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் அவள் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான்.

“அக்கா, நீளமா ஒரு ஜூம் லென்ஸ் இருக்குமே...”

“வேணாம். நிலாவையா எடுக்கப் போற?”

ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்றை எடுத்துக் கையில் வைப்பாள். குட்டையாக, பொம்மை மாதிரி இருக்கும். “இது ஜூம் ஆகாது. கிட்டத்துல வேணும்னா நீதான் நடந்து போகணும். வெளிச்சம் கம்மியா இருந்தாலும் சமாளிக்கும். ஒரு வருஷம் இதோட மல்லுக்கட்டு, அப்புறம் வா.” உபரி பேட்டரி ஒன்று, தூசி ஊத ஒரு ரப்பர் பந்து, துடைக்க ஒரு துணி. கேமராவை நிறுத்தும் முக்காலியில் மட்டும் மலிவானதைத் தொட விடமாட்டாள். காற்றடித்தால் கேமராவோடு குப்புற விழும் என்பாள். “நீ எனக்கு வேலை பாக்குறியா, அவங்களுக்கா?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் ஆட்கள் அவளைத் தேடித்தான் வந்தார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டார்.

மூன்று வருடமாக ஒரு விஷயத்தில் மட்டும் அவள் தலைகீழாக மாறியிருந்தாள். மெமரி கார்டு இரண்டு வாங்க வேண்டும். “ஒண்ணு போதும்க்கா” என்றால் பேசாமல் கேமராவைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள்.

காரணம் கடைக் கணினிக்குள் இருந்தது. பழைய லென்ஸை விற்கும்போது, வாங்குகிறவரையே எதிரில் நிற்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள். கண் இமை முடி கூர்மையாக விழுந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்காக லென்ஸ் எண்ணைப் போட்டுச் சேமித்து, ஒரு வருடம் கழித்து அழித்துவிட வேண்டும். அவளும் அழித்துக்கொண்டுதான் வந்தாள், ஒரே ஒரு படத்தைத் தவிர.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கடலோரத்துக்கு ஒரு வாரம் போகிறார்களாம், முதல் கேமரா. கணவர் கேமராப் பைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படத்துக்காக எதிரில் நின்ற மனைவி மேசையிலிருந்த இன்னொரு கார்டை எடுத்து உயர்த்திக் காட்டினாள். “இதையும் வாங்கிக்கலாமா? ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா?” அந்த நொடியில்தான் வேணாம் அக்கா சோதனைப் படத்தைத் தட்டினாள். தட்டிவிட்டு, கேமராவை இறக்காமலே சொன்னாள்: “வேணாம் மேடம், வீண் செலவு. இதெல்லாம் கெடாது.”

கெட்டது. கடற்கரைப் படங்கள் அத்தனையும் போயின. அதற்கு அடுத்த மாதம் அந்த மனைவியும் போய்விட்டாள். இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அவர் கார்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். திட்டவில்லை. “இதுல ஏதாவது வருமா?” என்று மட்டும் கேட்டார். எதுவும் வரவில்லை. கடையில் அவர் மனைவியின் படம் ஒன்று இருக்கிறது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். படத்தில் அந்தக் கை உயர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

அதன்பின் தினமும் கடை திறந்ததும் அந்த முகம் கணினிக்குள் விழித்துக்கொண்டிருக்கும். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் பாதி திறந்திருக்கும். கேள்வி இன்னும் முடியாத மாதிரி. போதாததற்கு, சனிக்கிழமை மாலைகளில் அவர் எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தப் பேருந்திலும் ஏறமாட்டார். கடையைத்தான் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். அலமாரியின் ஓரமாக நின்றே வியாபாரம் பார்ப்பாள்; அவர் எப்போது எழுந்து போகிறார் என்று பார்த்ததே இல்லை.

போன சனிக்கிழமை ஒரு பெண் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இருபது வயது இருக்கும்.

“வேணாம் அக்கா நீங்கதானே? ஜூம் கேக்க மாட்டேன், திட்டாதீங்க. காலேஜ்ல சொல்லித்தான் அனுப்பினாங்க.”

சிரித்தபடியே அவள் ஐம்பதை எடுத்து மாட்டினாள். “அப்படியே நில்லும்மா.” கண்ணை வைத்தாள். உள்ளே, வட்டத்துக்கு நடுவில், கணினியில் இருந்த அதே முகம் தலையை அதே பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது. விரல் எப்படியோ அழுத்திவிட்டது.

படம் கலங்கியிருந்தது. அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, உங்க கையே ஆடுது? முக்காலி எனக்கா, உங்களுக்கா?”

“தனியாவா வந்தே?”

“மேல் மாடியில எனக்கு டிராயிங் கிளாஸ். சனிக்கிழமையானா அப்பா கூட்டிட்டுப் போக வருவாரு, அதோ, பஸ் ஸ்டாப்ல. உள்ள கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. அம்மாவை எடுத்ததெல்லாம் அழிஞ்சு போனதுலேர்ந்து கேமரான்னாலே ஒதுங்கிடறாரு.”

மகளுக்காகக் காத்திருந்த மனிதரையா மூன்று வருடமாகப் பார்த்து ஒளிந்தோம் என்று இருந்தது. நெஞ்சு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கை உயர்ந்த அந்தப் படம் அப்படியேதான் இருந்தது.

கணினித் திரையை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பினாள்.

“அம்மா” என்றாள் பெண். பிறகு, “எத்தனை நாளா இது இங்க இருக்கு?”

“அன்னையிலேர்ந்து.”

“ஏன்க்கா தரல?”

நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பெண் கேட்டுக்கொண்டே திரையிலிருந்த கையைத் தொட்டுப் பார்த்தாள். “அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்” என்றாள்.

அவள் படத்தை ஒரு கார்டில் ஏற்றினாள். ஏற்றியதை இன்னொரு கார்டிலும் ஏற்றினாள். ஒன்றைக் கேமராவில் போட்டுக்கொண்டு, முதலாளி “எங்கம்மா கிளம்பிட்ட?” என்பதைக் காதில் வாங்காமல் சாலையைக் கடந்தாள். நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றார். அவள் கேமராவை நீட்டினாள்.

அவர் திரையை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். ஒரு பேருந்து வந்து நின்று, போயிற்று.

“கையில என்ன வச்சிருக்கா?” என்று கேட்டார்.

“இன்னொரு கார்டு சார். கேட்டாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன்.”

அவர் கேமராவைத் திருப்பித் தரவில்லை. அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.