தாயின் ஒரே சகோதரனின் மனைவி

திருக்கழுக்குன்றத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் அரசுத் தேர்வுக்கு வகுப்பு நடக்கும். தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருந்தபோது, அங்கே பாடம் எடுக்கும் ஜோயல் பலகையில் ஒரு கணக்கை எழுதினான். ஒரு பெண் ஒரு புகைப்படத்தைக் காட்டி, "இவள் என் தாயின் ஒரே சகோதரனின் மனைவி" என்கிறாள். படத்தில் இருப்பவள் அவளுக்கு என்ன உறவு? அக்கா, அத்தை, மாமியார், அவளே. நான்கில் ஒன்று.

ஷீலா முதலில் கையைத் தூக்கினாள். "நாலாவது. அவளேதான்."

வகுப்பு சிரித்தது. ஜோயலும் சிரித்தான்.

"இன்னாக்கா சொல்ற? அவ போட்டோவ அவளே காட்டி, இவ எங்க மாமன் பொண்டாட்டின்னு சொல்வாளா?"

"ஏன் சொல்லமாட்டா? நான் சொல்வனே. எங்கம்மாவுக்கு ஒரே தம்பி. அவரத்தான் நான் கட்டிகினு கீறேன். அப்ப எங்கம்மா தம்பி பொண்டாட்டி யாரு? நான்தான?"

"அக்கா கரெக்டா மடக்கிட்டாங்க சார்" என்றான் பின்வரிசையில் ஒருவன். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை ஜோயல் சிரிக்கவில்லை. பேனாவுக்கு மூடி போட்டான்.

"போன தடவ பரீட்சையில இதே மாதிரி ஒண்ணு வந்துச்சே. அதுக்கு இன்னா போட்ட?"

"அவளேன்னுதான்."

"எத்தினி மார்க்குல போச்சு உனக்கு?"

"ஒன்றரை."

ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். யாரும் சிரிக்கவில்லை. ஷீலா பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எந்தக் கேள்வியில் கவிழ்ந்தோம் என்று ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தவள் அவள். தேர்வுக்குப் பின் வரும் விடைக்குறிப்போடு ஒத்துப் பார்க்கலாம் என்று போன தடவை அவளுக்குத் தெரியாது. வரலாற்றில் தேடினாள், இலக்கணத்தில் தேடினாள். தனக்கு முழுநிச்சயமாகத் தெரிந்த விடையில் தேடவே இல்லை.

"தாள்ல எழுதாதத நீ எதுக்குக்கா சேக்குற?" என்றான் ஜோயல். "மாமனக் கட்டிகினான்னு எங்கயாவது போட்டுக்குதா?"

"போடல."

"அப்ப கட்டல. அவ்ளோதான். அத்தைன்னு போட்டுட்டு அடுத்த கணக்குக்குப் போ."

ஷீலா திருவிடந்தைக்குக் கிழக்கே, கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள். பத்தாவது படித்தவள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியின் சலவைப் பிரிவில் எட்டு வருஷமாக வேலை. எட்டு மணி நேரமும் நின்றே பார்க்கிற வேலை. இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. சாயங்காலமானால் கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழும். உட்கார்ந்து பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள்ளம்மா என்றார் மருத்துவர். அந்த வேலையை மருந்துச் சீட்டில் எழுதித் தர அவரால் முடியாது. பத்தாவதோடு நின்றவர்களுக்கு இந்தத் தேர்வில் வயது வரம்பு உண்டு. ஷீலாவுக்கு அது இந்த வருஷத்தோடு முடிகிறது. ஆகவே இது கடைசித் தடவை. வகுப்பில் எல்லாருக்கும் இது தெரியும். அதனால்தான் சிரிப்பு நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் கணவன் அரசு வாசலில் உட்கார்ந்து படகு எஞ்சினின் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஷீலாவின் அம்மா ஆதியம்மாள் பக்கத்தில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாமா, ஒரு கணக்கு கேளு" என்றாள் ஷீலா. பேச்சு வந்த நாளிலிருந்து அரசுவை அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள். கல்யாணம் ஆனபோது மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. "ராமு சொல்றான், இந்தப் பொண்ணோட புருஷன் எங்கம்மாவுக்குத் தம்பின்னு. அந்தப் பொண்ணு ராமுவுக்கு இன்னா வேணும்?"

"அக்கா" என்றான் அரசு, யோசிக்காமல். "ராமுவோட அக்காவத்தான மாமங்காரன் கட்டிருப்பான்?"

"தங்கச்சியாக்கூட இருக்கலாம்டா" என்றாள் ஆதியம்மாள். "வயசு போட்டுக்கீதா அதுல?"

"அத்தைன்னு போட்டுக்குது."

"எந்தூரு அத்தை?" ஆதியம்மாள் கத்தியை நிறுத்தினாள். "அக்கா பொண்ணு வூட்டுல இருக்கசொல்ல வெளியில போயி பொண்ணு எடுத்தானா அவன்? இன்னா கொறையாம் பொண்ணுக்கு?"

"யம்மா, அப்டி ஒரு பொண்ணே இல்ல."

"இல்லன்னு போட்டுக்கீதா?"

ஷீலா புத்தகத்தை மூடிவிட்டாள். மூன்று பேருக்கும் ஒரே நோய். ஒருவருக்கு ஒருவர் மருந்து கொடுக்க முடியாது.

வகுப்பில் அவளுக்கு நெருக்கம் தமிழ்ச்செல்வி. திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்துக் கிராமம், விவசாயக் குடும்பம், பட்டப்படிப்பு முடித்த இருபத்து மூன்று வயதுப் பெண். அவள் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், பெற்றவர் மேலே, பிள்ளைகள் கீழே, கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. நல்ல வழிதான். ஆனால் ஷீலாவின் பென்சில் தானாகவே மாமன் சதுரத்திலிருந்து கீழே இருக்கும் பெண் வட்டத்துக்கு இரட்டைக் கோடு இழுத்தது. முதல் நாள் பத்துக் கணக்கில் ஆறு தப்பு. மறுநாளும் ஆறு.

மூன்றாம் நாள் சலவைப் பிரிவில் துணி பிரிக்கும்போது அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. விடுதியில் ஒவ்வோர் அறையின் துணியும் ஒரு பையில் வரும். பைக்கு ஒரு சீட்டு, சீட்டில் அறை எண். ஒரு பையில் இரண்டு சீட்டு இருந்தால் அது கோளாறு. யாரோ தப்பாகக் கட்டியிருக்கிறார்கள். கணக்கில் வரும் மனிதர்களையும் அப்படியே வைத்துக்கொண்டாள். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு. மாமன் என்றால் மாமன் மட்டும். இவர்கள் யாரும் நம் குப்பத்து ஆட்கள் இல்லை. அறை வாடகைக்கு எடுத்து வந்தவர்கள், நாளைக்குப் போய்விடுவார்கள்.

தமிழ்ச்செல்வி மதிய உணவு நேரத்தில் போனில் கேள்விகளைப் பேசி அனுப்புவாள். ஷீலா ஒரு கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் அனுப்புவாள். ஆறு தப்பு நான்காயிற்று, பிறகு இரண்டு. பதினாறாம் நாள் இருபது கணக்கு, ஒரு தப்பும் இல்லை, ஒரு கணக்குக்கு முக்கால் நிமிஷம்.

"மெஷினாயிட்டக்கா நீ" என்றாள் தமிழ்ச்செல்வி.

கடைசி வகுப்பில் ஜோயல் இன்னொன்றும் சொல்லி வைத்தான். "உறவுக் கணக்குல 'இரண்டும் சரி'ன்னு ஒரு ஆப்ஷன் வந்தா கிட்டயே போகாதீங்க. முக்காவாசி அது உங்களக் கவுக்கறதுக்குத்தான்." ஷீலா அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

தேர்வு செங்கல்பட்டில் ஒரு பள்ளியில். காலையில் கூழ் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வெறும் வயிற்றோடு வந்து பதினோரு மணிக்கு மேசையில் தலை சாய்ப்பவர்களைப் போன தடவையே பார்த்திருந்தாள். அரசுதான் வண்டி ஓட்டினான். திருப்போரூர் தாண்டியதும் ஒரு ஜல்லி லாரி குறுக்கே நின்று பாதையை அடைத்துக்கொண்டது. இருபது நிமிஷம் போயிற்று. ஒன்பது மணிக்குப் பள்ளியின் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"எறங்கி நடக்கட்டா மாமா?"

"செங்கல்பட்டுக்கா? கம்முனு குந்து." அரசு வண்டியை வயல் வரப்பில் இறக்கினான். எட்டு ஐம்பத்து நாலுக்குக் கதவு முன்னால் நிறுத்தினான். ஷீலா இறங்கி ஓடினாள். உள்ளே போனதும் முதல் வேலையாகக் கழிப்பறைக்குப் போய் வந்தாள். மூன்று மணி நேரத்துக்கு எழுந்திருக்க முடியாது.

மூன்று மணி நேரம், இருநூறு கேள்வி. தமிழ் நன்றாகப் போனது. பொது அறிவு இழுத்தது. திறனறிவுப் பகுதியின் இருபத்தைந்துக்கு வந்தபோது முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. எண் தொடர், சதவீதம், திசை, வயது. முதல் உறவுக் கணக்கை முக்கால் நிமிஷத்துக்குள் முடித்தாள். இன்னும் ஐந்து கேள்வி, ஆறு நிமிஷம். அப்போது இது வந்தது.

குமரன் தன் அக்காவின் மகளை மணந்தான். அவர்களுக்குப் பிறந்த மகளுக்குக் குமரனின் அந்த அக்கா என்ன உறவு? பாட்டி. அத்தை. பாட்டி, அத்தை இரண்டும் சரி. கொள்ளுப்பாட்டி.

ஷீலாவுக்கும் அரசுவுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். யாரோ அவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு எழுதிய மாதிரி இருந்தது. கை உடனே பாட்டிக்குப் போனது. பாட்டியா? பெற்றவளைப் பெற்றவள், பாட்டிதான். ஒரு ஆளுக்கு ஒரு சீட்டு. பேனா வட்டத்தைத் தொடுவதற்குள் அத்தை கண்ணில் பட்டது. அப்பாவின் அக்கா அத்தைதானே? அப்படியானால் இரண்டும். இரண்டும் என்றால் கவிழ்ப்பு, கிட்டயே போகாதே. பதினாறு நாள் பாடுபட்டு மனசிலிருந்து துடைத்ததை இந்தத் தாள் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறது. இது பொறியா, உண்மையா? ஒரு நிமிஷம் போனது. மேற்பார்வையாளர் மணியைப் பார்த்தார். இரண்டு நிமிஷம். விடைத்தாள் நனையாமல் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கேள்வியை விரலை வைத்து மறுபடியும் படித்தாள். அக்காவின் மகளை மணந்தான். மணந்தான் என்று எழுதியிருக்கிறது. போன தடவை தாளில் இல்லாததைச் சேர்த்தாள், போயிற்று. இப்போது தாளில் இருப்பதைத் தள்ளினால் அதுவும் அதே தப்புதான். மூன்றாவது வட்டத்தைக் கருப்பாக்கினாள்.

மூன்று நிமிஷம் போயிருந்தது. மீதி நாலு கேள்வியில் முதலாவது நீளமான கணக்கு, அதை மட்டும்தான் போட முடிந்தது. காலியாக விட்டால் மதிப்பெண் குறையும், தப்பாக எழுதினால் குறையாது. மற்ற மூன்றுக்கும் படிக்காமலே இரண்டாவது வட்டத்தைக் கருப்பாக்கினாள். மணி அடித்தது.

வெளியே தமிழ்ச்செல்வி காத்திருந்தாள். "அந்த அக்கா பொண்ணு கணக்குக்கு இன்னா போட்ட? நான் பாட்டி."

"ரெண்டும்."

"அய்யோ அக்கா! கிட்டயே போகாதன்னு சொன்னாரே."

வண்டியில் வரும்போது அரசு அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "இதுக்கா மூணு நிமிஷம்? நம்ம பொண்ணக் கேட்டிருந்தா தூக்கத்துலயே சொல்லிருக்குமே."

"முன்ன பாத்து ஓட்டு" என்றாள் ஷீலா.

ஒரு வாரத்தில் தற்காலிக விடைக்குறிப்பு வந்தது. அந்தக் கேள்விக்கு மூன்றாவது. படிக்காமல் அடித்த மூன்றில் ஒன்று சரி. கூட்டிப் பார்த்தாள். போன தடவை தேறியவர்களின் கடைசி மதிப்பெண்ணுக்கு மிக நெருக்கத்தில் நின்றது. ஒரு கேள்வி மாறினாலும் விழுந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறியபோது ஜோயலும் தமிழ்ச்செல்வியும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விடைக்குறிப்பின் மேல் ஆட்சேபம் அனுப்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"அந்த உறவுக் கணக்குக்குப் போடப்போறோம்க்கா" என்றான் ஜோயல். "புக்குல எல்லாம் ஒரு உறவுதான் எடுப்பாங்க. கிளாசுல பாதிப் பேரு பாட்டின்னு போட்டுக்கிறாங்க."

"தாள்ல மணந்தான்னு போட்டுக்குதா இல்லியா?"

ஜோயல் போனில் கேள்வித்தாளைத் தேடினான்.

"போட்டுக்குதா?"

"போட்டுக்குது."

"அப்ப இன்னான்னு எழுதி அனுப்புவ? மணக்கலன்னா?"

ஜோயல் போனைக் கீழே வைத்தான். "நான் அனுப்பல. உனக்குன்னா நீ அனுப்பிக்க" என்றான் தமிழ்ச்செல்வியிடம்.

தமிழ்ச்செல்வியின் முகம் சிவந்திருந்தது. "நான் அனுப்புவேன்க்கா. கோச்சுக்காத. எனக்கும் அந்த ஒரு கேள்விதான்."

ஷீலா அவளைப் பார்த்தாள். இத்தனை நாள் சோற்று நேரத்தில் கேள்வி அனுப்பிய பெண். "அனுப்பு" என்றாள். "உன் கேள்வி உனக்கு." அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்ளவில்லை. வீட்டில் ஆதியம்மாள் தினமும் ஒரு தடவை, "இன்னா சொன்னாங்க?" என்று கேட்பாள். யார் சொல்ல வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது. மூன்றரை மாதம் இப்படியே போனது. ஷீலாவுக்கு எடை மூன்று கிலோ குறைந்தது.

முடிவு வந்த அன்று அவள் சலவைப் பிரிவில் இருந்தாள். போன் அடித்தது. தமிழ்ச்செல்வி.

"அக்கா, ஆன்சர் கீய மாத்தல." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "உன் நம்பர் கீது. ரெண்டு தடவ பாத்துட்டேன். சர்ட்டிபிகேட் சரிபாக்கக் கூப்டுவாங்க."

ஷீலா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "உன்னுது?"

"இல்லக்கா."

இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஷீலா சத்தம் குறைவான மூலைக்கு நகர்ந்தாள்.

"அந்த ஒண்ணுலதானா?"

"அந்த ஒண்ணுலதான்."

"உனக்கு வயசு கீது. அடுத்த வாட்டி எழுது."

"எழுதுவேன்."

"காலையிலருந்து சாப்டியா இல்லியா?"

"இல்ல."

"போனை வெச்சிட்டு மொதல்ல சாப்டு" என்றாள் ஷீலா. "அப்பறம் பேசிக்கலாம்."