வாளியம்மா வந்த மாதம்

என் சம்பந்தியம்மாவுக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் வாளியம்மா என்றுதான் பெயர். ஒரு டயர் தொழிற்சாலை கேன்டீனில் பெரிய சமையல்காரி அவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தட்டைக் கொண்டுவந்து கவிழ்க்கிற இடத்தில் ஒரு எச்சில் வாளி இருக்கும். அதன் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். யாரையும் திட்டமாட்டார். உள்ளே என்ன விழுகிறது என்று பார்ப்பார், அவ்வளவுதான். முட்டைக்கோஸ் நிறைய விழுந்தால் மறுநாள் இன்னும் பொடியாக நறுக்கச் சொல்வார். சோறு விழுந்தால் பரிமாறுகிறவனின் கரண்டியை மாற்றிவிடுவார். "தட்டு நிறையணும், வாளி நிறையக் கூடாது" என்பார்.

என் பேத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அவளைப் பற்றி ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன். கொட்டாவி விடுவதைப் பற்றியே நாலு பக்கம் போகும். அதனால் அவளுக்காக ஒரு மாதம் எங்கள் வீட்டில் வந்து தங்கிய இந்த அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். பேத்தி நடுவில் தானாக வந்துவிடுவாள்.

என் மகன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறான். மருமகள் துணி ஆலையில் சட்டைக்குக் காலர் தைப்பவள். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். முழங்கால் மக்கர் பண்ணியதால் விட்டுவிட்டேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. பிள்ளை பிறந்ததற்குக் கொடுத்த சம்பள விடுப்பு முடியப் போகிற நேரத்தில் மருமகளின் சூப்பர்வைசர் ஒரு வழி சொன்னார். வேண்டுமானால் இன்னும் ஆறு மாதம் வீட்டில் இருக்கலாம். இடம் போகாது, ஆனால் சம்பளமும் கிடையாது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மருமகளுக்கு வீட்டில் இருக்கத்தான் ஆசை. பிள்ளையைக் கீழே விடமாட்டாள். ஆனால் மகனின் ஒரு சம்பளத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு சின்ன ராணியும் எப்படி ஓட்டுவது? அவள் வேலைக்குப் போனால் பகலில் பிள்ளையை நான் பார்த்துக்கொள்வது என்று பேச்சு. உள்ளுக்குள் எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கப் பேத்தி எனக்கே எனக்கு என்றால் கசக்குமா?

"ஒரு மாசம் என் சம்பளம் இல்லாத மாதிரியே இருந்து பார்க்கலாங்க. ஓடுச்சுன்னா இருந்துடறேன். ஓடலைன்னா கிளம்பிடறேன்" என்றாள் மருமகள்.

"சரி, பார்க்கலாம்" என்றான் மகன். அவன் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த மாதம் டயர் தொழிற்சாலையில் மெஷின்களைப் பிரித்துப் பூட்டுகிற வேலை நடந்ததால் கேன்டீன் மூடியிருந்தது. வாளியம்மா ஒரு பையோடு வந்து இறங்கினார். கையைக் கழுவினார், பேத்தியை வாங்கி உச்சந்தலையை முகர்ந்தார், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய்க் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்ன சம்பந்தியம்மா, வந்ததும் வராததுமா?"

"இருக்கட்டும் அண்ணா. மனுஷங்களைக் கேட்டா மாத்திச் சொல்லுவாங்க, இது பொய் சொல்லாது." ரொட்டி ஓரங்கள், பாதி கடித்த பழம், முந்தாநாள் சோறு, வதங்கிப்போன கீரைக்கட்டு எல்லாம் உள்ளே இருந்தன. கீரை என் வேலை. மலிவாக இருந்தது என்று மூன்று கட்டு வாங்கிவந்திருந்தேன்.

"மூணு கட்டு எதுக்கு அண்ணா, வீட்டுல ஆடு இருக்கா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்வது?

ஆனால் அன்று சாயங்காலமே வாளியம்மா மாட்டிக்கொண்டார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அவர் தனக்கென்று வீட்டில் அடுப்பு மூட்டியதே இல்லை; மூன்று வேளையும் கேன்டீனில்தான் சாப்பாடு. கை அந்தக் கணக்கிலேயே இருந்தது. சின்னதாகத்தான் அள்ளினார். ஆனால் அவர் சின்னது என்று நினைத்தது வேறு. எங்கள் வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரமும் நிரம்பி, கடைசியில் பேத்தியைக் குளிப்பாட்டப் புதிதாக வாங்கிவைத்திருந்த சட்டியும் நிரம்பியது.

மகன் வேலையிலிருந்து வந்து பார்த்தான். "அத்தை, ஷிப்டு எத்தனை மணிக்கு விடுது?"

அந்த அம்மாவின் முகம் சிவந்துபோனது. "கை ஏமாத்திடுச்சு மாப்ள."

"ஃப்ரிட்ஜுல வெச்சா ரெண்டு நாளைக்கு ஓடும், விடுங்க."

"ஃப்ரிட்ஜா? அது குப்பைத் தொட்டிக்குப் போற வழியில இருக்கிற சத்திரம் மாப்ள. எல்லாம் ராத்திரி தங்கிட்டுக் காலையில அங்கதான் போகும்."

சொல்லிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஒவ்வொரு கதவாகத் தட்டினார். இத்தனை வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறோம், எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இந்த அம்மா வந்த அன்றே எங்கள் பாத்திரமெல்லாம் அவர்கள் வீட்டில்.

மறுநாள் பாத்திரங்கள் திரும்பி வந்தன. வெறும் பாத்திரமாக வரவில்லை. முதல் மாடி நர்ஸ், தன் பையனுக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். கீழ்வீட்டுத் தையல்காரர் ஒரு தொட்டிலைத் தூக்கிவந்தார். "எங்க வீட்டுல மூணு பேரு தூங்குனது. இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கு" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "என் பேத்திக்குப் பழைய துணியா? நான் புதுசு வாங்கித் தர்றேன்" என்றேன்.

"நீங்க ஏற்கெனவே வாங்கித் தந்ததுதான் அண்ணா அந்த அலமாரியில இருக்கு. ஒரே அளவுல அத்தனை. அவ அதைப் போடறதுக்குள்ள வளர்ந்துட்டா." பேத்தி பிறந்த வாரம் தள்ளுபடி போட்டிருந்த கடைக்குள் நுழைந்தவன் நான். ஆனந்தத்தில் அளவு பார்க்கவில்லை.

"புதுத்துணி பிள்ளைக்குக் குத்தும். நாலு பிள்ளைங்க போட்ட துணிதான் மெத்துன்னு இருக்கும். தொட்டுப் பாருங்க." தொட்டுப் பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. என் புதுத்துணிகளை நர்ஸின் தங்கைக்குக் கொடுத்தோம், அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.

அப்புறம் வாளியம்மாவின் கை அளவுக்கு வந்துவிட்டது. பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துப் பேத்திக்கு அடித்துணி தைத்தார். ரொட்டி ஓரங்களை வறுத்து டப்பாவில் போட்டார். நானும் மகனும் என்னவென்று தெரியாமல் அதைத்தான் தின்றுகொண்டே இருந்தோம். வெந்துகொண்டிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு மூடிபோட்டு வைப்பார். மிச்சத்தை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். டீயில் மட்டும் கைவைக்க விடமாட்டார். திக்காக, நிறையச் சர்க்கரை போட்டு, டம்ளர் வழிய வேண்டும். நான் ஒரு நாள் பாலைக் குறைத்துப் பார்த்தேன்.

"அண்ணா, இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?"

"மிச்சம் புடிக்கலாமேன்னு..."

"வாய்க்கு ஒரு சந்தோஷம் விட்டுவெச்சாத்தான் மத்ததெல்லாம் மிச்சம் புடிக்க முடியும். அதையும் புடுங்கிட்டா, வீட்டுல யாருக்கும் நாலு நாளைக்கு மேல பொறுமை இருக்காது."

மாதம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. மகனின் 'பார்க்கலாம்' கொஞ்சம் இளகி வந்த நேரத்தில் ஃப்ரிட்ஜ் செத்துப்போனது. காலையில் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. ரிப்பேர்காரர் வந்து தட்டிப் பார்த்து, முதுகுப் பக்கம் காதை வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுக்குச் செலவு பண்றதுக்குப் பதிலா புதுசு வாங்கிடுங்க."

மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "முடிஞ்சுது. தவணையிலதான் வாங்கணும். மாசாமாசம் கட்டணும்னா ஒரு சம்பளம் தாங்காது."

மருமகள் பேத்திக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க மனசு வரவில்லை. நாள் முழுக்கப் பேத்தி எனக்கே என்று நினைத்திருந்தேனே, அந்த ஆசை எங்கே போனது என்று தெரியவில்லை. வாளியம்மாகூட வாயைத் திறக்கவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மருமகள்தான் கேட்டாள். "ஏங்க, நம்ம ஃப்ரிட்ஜுல இப்ப என்னதான் இருந்துச்சு?"

"என்ன கேள்வி இது? திறந்து பாரு."

"நீங்களே பாருங்க."

அவன் எழுந்து திறந்தான். ஒரு எலுமிச்சம்பழம், பாதி வெங்காயம், தண்ணீர் பாட்டில்கள். அந்த அம்மா வந்ததிலிருந்து அன்றன்று வாங்கி அன்றன்று தீர்ந்துகொண்டிருந்தது. பூட்டிவைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"சரி, இப்ப இல்லை. நீ வேலைக்குப் போனா பாப்பாவுக்குப் பால் எடுத்து வைக்க வேணாமா?"

"அதான் நானும் யோசிச்சேன்" என்றாள் மருமகள். "நான் வேலைக்குப் போனா பால் வைக்க ஃப்ரிட்ஜ் வேணும். ஃப்ரிட்ஜுக்குத் தவணை கட்ட நான் வேலைக்குப் போகணும். நான் வீட்டுல இருந்தா..." குனிந்து பேத்தியைப் பார்த்தாள். "பால் என்கிட்டயே இருக்கு. கெடாது, சூடு பண்ண வேண்டாம், கரண்டும் வேண்டாம்."

மகன் ஃப்ரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே நின்றான். மனைவியைப் பார்த்தான், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. பேத்தி பாலை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், யாருடா இது என்கிற மாதிரி.

"வெயில் காலம் வந்தா?" என்றான், இருந்தாலும் விடாமல்.

"வெயில் காலம் வர்றப்ப விடுப்பு முடிஞ்சிருக்கும் மாப்ள. அப்ப ரெண்டு சம்பளம், ரொக்கமா வாங்கிக்கலாம்" என்றார் வாளியம்மா. வாய்க்குள் தேக்கிவைத்திருந்ததை எல்லாம் அப்போதுதான் விட்டார். "நானும் நூத்துக்கணக்கான பேருக்குச் சமைக்கிறேன், இந்தக் கணக்கு எனக்குத் தோணல பாருங்க."

"எங்க தோணும்? உங்க கண்ணு வாளியிலதான இருக்கு" என்றாள் மருமகள்.

மார்க்கெட் வேலை என் தலையில் விழுந்தது. கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போவேன். மூட்டை கட்டித் தூக்கிப் போவதைவிடத் தள்ளிவிடுவது மேல் என்று வியாபாரிகள் நினைக்கிற நேரம் அது. பேரம் பேசத் தெரியாதவன் நான். ஆனால் செல்போனில் பேத்தி படத்தைக் காட்டுவேன். காய்க்காரம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்து முடிப்பதற்குள் பையில் இரண்டு தக்காளி கூடுதலாக விழுந்திருக்கும். தோல் அடிபட்ட பழத்தைத் தனியாக எடுத்துவைத்திருப்பார். உள்ளே தேன் மாதிரி இருக்கும். ஒரு கட்டு கீரைதான் வாங்குவேன்.

மாதக் கடைசியில் யாரிடமும் கைமாற்று வாங்கவில்லை. மகன் தானாகவே போய் நல்ல டீத்தூளாக ஒரு பொட்டலம் வாங்கிவந்து அத்தையின் பையில் வைத்தான். மருமகள் சூப்பர்வைசருக்கு என் முன்னால்தான் போன் பண்ணினாள். "சார், ஆறு மாசம் கழிச்சு வர்றேன் சார்" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் டீ போடப் போனேன், பாலைக் குறைக்காமல்.

கேன்டீன் திறந்ததும் வாளியம்மா ஊருக்குப் போய்விட்டார். போகும்போது ஃப்ரிட்ஜைத் துடைத்து, காற்றோட்டத்துக்குக் கதவைக் கழற்றிவிட்டு, தட்டுகளில் பேத்தியின் துணிகளை அடுக்கிவிட்டுப் போனார். முட்டை வைக்கிற குழிகளில் இப்போது குட்டிக் காலுறைகள் இருக்கின்றன.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் மருமகள் பாயில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் படுத்திருந்த பேத்தி காலை ஒரு பக்கம் போட்டாள், முக்கினாள், சட்டென்று குப்புற விழுந்து தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்தாள். பட்டாணி தரையெல்லாம் உருண்டது. நான் அள்ளப் போனேன். மருமகள் உடனே கேன்டீனுக்குப் போன் போட்டாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அம்மா, பாப்பா குப்புற விழுந்துட்டா."

"யாரு பார்த்தா?"

"நான்தான். இங்கயேதான் உட்கார்ந்திருந்தேன்."

அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு வாளியம்மா சொன்னார்: "நீ பார்த்தியே, அது போதும். எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. அதுவரைக்கும் அவளை மல்லாந்தே படுத்திருக்கச் சொல்லு."